மூன்று ஷாட் போதாது: வேகம் அளக்கும் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன். என் மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள், மூன்று ஆண்டுகளாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி சுடுகிறாள். 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் துப்பாக்கி சுடும் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வென்றபோது இவள் தொடக்கப்பள்ளியில் இருந்தாள், தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு "அப்பா, அந்த அக்கா ஏன் அசையவே மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள், அங்கே தொடங்கியது இந்த ஆசை. பதக்கம் வரும் நாளில்தான் இந்த விளையாட்டைப் பற்றி நாம் பேசுகிறோம். மற்ற நாள்களில் ரேஞ்சுக்குள், அதாவது சுடுதளத்துக்குள், என்ன நடக்கிறது என்று பெற்றோருக்கே சரியாகத் தெரிவதில்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நான் எழுத வந்தது அதில் ஒரே ஒரு விஷயத்தை: குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியை நம் கிளப்புகளிலும் பள்ளிகளிலும் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதை.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். மகளுடைய புள்ளிகள் இரண்டு வாரமாகக் கொஞ்சம் இறங்கியிருந்தன. ரேஞ்சில் அனுபவமுள்ள ஒருவர், நல்ல மனிதர், உதவ வேண்டும் என்றுதான் வந்தார், பழைய ஒளி உணரி வகைக் கருவியை மேசையில் வைத்து மூன்று ஷாட் சுடச் சொன்னார். 158, 149, 161 என்று வந்தது, வினாடிக்கு மீட்டர் கணக்கில். இந்த வகைத் துப்பாக்கி 170க்கு அருகில் சுட வேண்டும், இது சோர்ந்துபோயிருக்கிறது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் போகும் காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை ஏற்ற வேண்டும் என்றார். நானும் தலையாட்டினேன். வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஏற்றினார்கள், அதற்கு நான் பணமும் கட்டினேன்.

அப்புறம்தான் வினை. குண்டு மேலே ஏறியது, சரி, அது குறிபார்க்கும் சைட்டைத் திருப்பினால் சரியாகிவிடும், ஆனால் சிதறல் கூடிவிட்டது. 60 ஷாட்டில் 600ஐத் தொட்டுக்கொண்டிருந்த பெண் 590ஐத் தாண்டவே திணறினாள். மூன்று வாரம் கழித்து நண்பர் ஒருவர் கைக்கடக்கமான ராடார் வகைக் கருவியைக் கொண்டுவந்தார், 20 ஷாட் சுட்டோம். சராசரி 181. குறைந்தது 174, கூடியது 187. துப்பாக்கி சோர்ந்துபோயிருக்கவே இல்லை, நாங்கள்தான் அதைக் கெடுத்திருக்கிறோம். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. "நான்தான் சரியா நிக்கலைன்னு நினைச்சேன் அப்பா" என்றாள். மூன்று வாரம் ஒரு பிள்ளை தன் உடம்பையும் கையையும் மூச்சையும் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அதுதான்.

பிறகு அந்தப் பழைய கருவியை எடுத்து வைத்து ஏன் அப்படிக் காட்டியது என்று பார்த்தோம். ஒளி உணரிக் கருவி வேலை செய்வது எளிய முறையில்: இரண்டு கண்கள் மேல்நோக்கி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், குண்டு முதல் கண்ணுக்கு மேலே போகும்போது நிழல் விழும், கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவது கண்ணில் நிழல் விழுந்ததும் நிற்கும், தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். கண்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர் என்றால் 170 மீட்டர் வேகத்தில் குண்டு அதைக் கடக்க ஆகும் நேரம் 1.8 மில்லிவினாடிகூட இல்லை. அதில் அந்தக் கண் ஒரு துளி முன்னே பின்னே விழித்தாலும் கணக்கு தப்பிவிடும். வெட்டவெளியில் வானத்து வெளிச்சம் சீராக இருக்கும், அதற்காகச் செய்த கருவி அது. உள்ளரங்கில் குழல்விளக்கு இருந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய வகைக் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். சில எல்இடி விளக்குகளும் அப்படித்தான். பேட்டரியில் எரியும் ஒரு விளக்கை மேலே கட்டிவிட்டுச் சுட்டபோது அதே கருவி வினாடிக்கு 5 மீட்டர் வித்தியாசத்துக்குள் ராடாரோடு ஒத்துப்போனது. கருவி மேல் பழி இல்லை. விளக்கைப் பார்க்காமல், மூன்று எண்ணை வைத்துக்கொண்டு, அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று 12 மீட்டர் விலகி நிற்பதையே ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் முடிவு கட்டினோமே, அதுதான் தப்பு.

இன்னொன்றும் உண்டு. ஒளி உணரிக் கருவியை மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் அது காட்டுவது மூன்று மீட்டரில் உள்ள வேகம். போட்டிகளில் பயன்படுத்தும் தட்டை முனை ஈயக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும் வினாடிக்கு ஒன்று, ஒன்றரை மீட்டர் போகும். ராடார் கருவியோ குண்டைப் பின்னாலிருந்து பல இடங்களில் பார்த்து, துப்பாக்கிக் குழலின் முனையில் என்ன வேகம் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். இரண்டு கருவிகளின் எண்ணையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சண்டைதான் வரும். அதுபோகச் சிலர் அடிக்கணக்கில் பேசுவார்கள், 170 மீட்டர் என்பது சுமார் 558 அடி. எந்த அலகு, எத்தனை மீட்டர் தள்ளி, எந்த எடைக் குண்டு, இவ்வளவும் எழுதாத எண் வெறும் எண்.

ராடார் எப்படி வேலை செய்கிறது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. கிட்ட வரும்போது ஆம்புலன்ஸ் சங்கொலி ஏறிக் கேட்கும், தாண்டிப் போனதும் இறங்கிவிடும், அதே டாப்ளர் விளைவுதான். கருவி ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது, ஓடிக்கொண்டிருக்கும் குண்டில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கும், மாற்றம் எவ்வளவோ அதற்கேற்ற வேகம். 24 கிகாஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொண்டால் 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அதைச் சுமார் 27,000 ஹெர்ட்ஸ் மாற்றும். அவளே தாளில் போட்டுப் பார்த்தாள், வேகத்தை இரண்டால் பெருக்கி, அதிர்வெண்ணால் பெருக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்தாள், வந்தது. பத்தாண்டுக்கு முன்பு லாப்ராடார் என்று ஒரு பெரிய தட்டு போன்ற கருவி வந்தது, 2023இல் கார்மின் ஸீரோ என்று உள்ளங்கையில் அடங்கும் கருவி வந்தது, இப்போது வேறு நிறுவனங்களும் செய்கின்றன. குழலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். முன்னால் எதையும் வைக்க வேண்டியதில்லை, அதை வைக்க எல்லாரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு முன்னே நடக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் கை நடுங்கிக் கருவியையே சுட்டுவிடும் அபாயமும் இல்லை. நம் உள்ளரங்குகளுக்கு இது பெரிய வசதி. ஒரு குறை, வரிசைகள் நெருக்கமாக இருப்பதால் பக்கத்து வரிசைக்காரர் சுட்டதும் சில நேரம் பதிவாகிவிடும், யார் எப்போது சுட்டார்கள் என்று ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

குழலிலேயே கட்டிவிடும் காந்த உணரி வகையும் இருக்கிறது. அது வேகத்தை நன்றாகவே சொல்லும், ஆனால் குழலில் எடை தொங்கினால் குண்டு படும் இடம் மாறும். வேகத்தையும் குறியையும் ஒரே நேரத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

வேகம் இரண்டு மீட்டர் மாறினால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. காற்றின் இழுவையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 168 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டர் போவதற்குள் 17.4 மில்லிமீட்டர் கீழே இறங்கும். 166 என்றால் 17.8. வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர். காற்றுத் துப்பாக்கி இலக்கில் நடுப்புள்ளியின் அகலமே அரை மில்லிமீட்டர்தான், அங்கே கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 புள்ளி போகும். ரெகுலேட்டரை ஏற்றிய பிறகு மகளின் துப்பாக்கி 174க்கும் 187க்கும் இடையே ஆடியதே, அதைக் கணக்குப் போட்டால் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல் வருகிறது, கிட்டத்தட்ட ஒரு முழு வளையம். அவள் எவ்வளவு அசையாமல் நின்றாலும் இதைத் திருத்தியிருக்க முடியாது. வேகத்தை ஏற்றுவதால் லாபமும் இல்லை. ஜெர்மனியில் 7.5 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்குத்தான், பெரியவர்கள் உரிமம் இல்லாமல் வாங்கலாம் என்பதற்கு அடையாளமான 'எஃப்' முத்திரை கிடைக்கும், போட்டித் துப்பாக்கிகள் பல அந்த அளவை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 0.53 கிராம் குண்டு 168 மீட்டரில் போனால் சரியாக 7.5 ஜூல். 181இல் 8.7 ஜூல்.

இப்போது மூன்று ஷாட் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சராசரி வேகத்தைவிட ஒவ்வொரு ஷாட்டும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் சுடுபவருக்கு வேண்டும். அதற்கு ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று பெயர், தமிழில் திட்டவிலக்கம், சாதாரண நிலைக் கணிதப் பாடத்தில் இருக்கிறது, நம் பிள்ளைகள் தேர்வுக்காக எத்தனையோ முறை போட்டுப்பார்த்த கணக்கு. ஐந்து ஷாட் சுட்டு இந்த விலக்கம் 2 என்று வந்தால், உண்மையான விலக்கம் 1.2 ஆகவும் இருக்கலாம், 5.7 ஆகவும் இருக்கலாம், 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல முடிவது அவ்வளவுதான். முப்பது ஷாட் சுட்டால் அந்த இடைவெளி 1.6க்கும் 2.7க்கும் இடையே சுருங்கிவிடும். கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு, அது இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் ஷாட் கூடக் கூட அந்த வித்தியாசம் தானாகவே வளரும், ஐந்து ஷாட்டில் விலக்கத்தைப் போல 2.3 மடங்கு, முப்பதில் 4 மடங்கு. ஒரு பெட்டிக் குண்டை ஐந்து ஷாட்டும் இன்னொரு பெட்டியை இருபது ஷாட்டும் சுட்டுவிட்டு முதல் பெட்டிதான் நல்லது என்று சொல்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாவம் அந்த இரண்டாவது பெட்டி.

ரெகுலேட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். தேதி, அறையின் வெப்பம், சிலிண்டர் அழுத்தம், குண்டின் எடை, ஒவ்வொரு ஷாட்டின் வேகம். சராசரி 169இல் நின்றது, விலக்கம் ஒன்றரைக்குள். நான்காவது வாரம் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள், எனக்கோ பயிற்சியாளருக்கோ தோன்றவில்லை: துப்பாக்கி பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு வரும் முதல் ஷாட் மட்டும் எப்போதும் மூன்று மீட்டர் வேகமாகப் போகிறது. ரெகுலேட்டரில் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுவதால் வரும் கோளாறு அது, தெரிந்தவர்கள் சொல்வார்கள். சராசரியைப் பார்த்தால் அது தெரியாது, மூன்று ஷாட்டில் தெரியவே தெரியாது. இப்போது இடைவெளி விட்டுச் சுட வரும்போது முதல் ஒன்றைப் புள்ளிக்குச் சேராத சைட்டர் ஷாட்டாகச் சுட்டுவிட்டுத்தான் புள்ளிக்கான ஷாட்டுக்குப் போகிறாள். போட்டி நடுவில் அப்படிச் செய்ய முடியாது என்பதால் ரெகுலேட்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

நான் தேசிய சேவையில் எம்16 எடுத்துச் சுட்டவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மூச்சு, விசை, குறி. வேகம் என்ற பேச்சே கிடையாது, அது ராணுவத்துக்குச் சரி. விளையாட்டாகச் சுடும்போது அளவு வேண்டும். அளக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றும் புதிதில்லை. 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் ஊசலாகத் தொங்கும் கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஊசலாடியது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டு எழுதினார். அதுவரை யாருக்கும் சரியாகத் தெரியாத ஒன்று, காற்று எவ்வளவு பலமாகக் குண்டைப் பிடித்து நிறுத்துகிறது என்பதும் அதில் வெளிவந்தது. அந்த ராபின்ஸ் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பொறியாளராக வந்து 1751இல் காய்ச்சலில் இறந்த இடம் எது தெரியுமா, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை. என் அப்பா கடலூர்ப் பக்கத்துக்காரர். சிறுவயதில் விடுமுறைக்குப் போனபோது அந்தக் கடற்கரையில் விளையாடியிருக்கிறேன், இந்தக் கதையை யாரும் சொன்னதில்லை. மகளிடம் சொன்னதும் உடனே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். அரை கிலோ கட்டையை ஒரு மீட்டர் கயிற்றில் கட்டி அவள் குண்டைச் சுட்டால் கட்டை ஆறு சென்டிமீட்டர் போல நகரும் என்று வந்தது. ஒரு ஸ்கேலை வைத்தே அளந்துவிடலாம். பள்ளி இயற்பியல் பாடத்தில் உந்தம் நடத்தும் ஆசிரியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் வெப்பத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 50 மீட்டர் சுடும் .22 (0.22 அங்குல அளவு) தோட்டாவைப் பற்றித்தான் சொல்கிறேன். 335 மீட்டர் வேகத் தோட்டா ஒன்று, பனி விழும் ஊரில் 0 டிகிரியில் ஒலியைவிட வேகமாகப் போகும், அங்கே ஒலியின் வேகம் 331. இங்கே 31 டிகிரியில் ஒலியின் வேகம் 350, அதே தோட்டா ஒலிக்குக் கீழே போகும். ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும்போது குண்டு தடுமாறும், அதனால்தான் போட்டித் தோட்டாக்களை ஒலிக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள். குளிர் நாட்டில் அளந்த அட்டவணையை எடுத்து வந்து இங்கே அப்படியே பின்பற்றக் கூடாது, இங்கேயே அளந்து பார்க்க வேண்டும்.

இங்கேயே அளக்க வேண்டும் என்கிறேன், எங்கே அளப்பது? வேறு நாடுகளில் வீட்டுத் தோட்டத்தில் மேசை போட்டு அளக்கிறார்கள். இங்கே காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், அனுமதி வேண்டும், கிளப்பின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அதனால் ஒரு பிள்ளைக்குத் தன் துப்பாக்கியை அறிந்துகொள்ள ரேஞ்சில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் மட்டும்தான் இருக்கிறது. அந்த நேரத்திலும் கருவி யாரோ ஒருவருடைய பையில் இருக்கிறது, அவர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. எல்லாப் பள்ளியும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, விலை சில நூறு வெள்ளி ஆகும். ஒரு ரேஞ்சுக்குப் பொதுவாக ஒன்று, மாதம் ஒரு நாள் ஒவ்வொரு பள்ளிக்கும் அரை மணி நேரம், பிள்ளைகளே வைத்து, பிள்ளைகளே எழுதி, முப்பது ஷாட்டுக்குக் குறைந்து ஒரு முடிவும் எடுக்காமல், ரெகுலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கி. இணைப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் யோசித்துப் பாருங்கள். பெற்றோரும், யாராவது உங்கள் பிள்ளையின் துப்பாக்கி மெதுவாகச் சுடுகிறது என்று சொன்னால், எத்தனை ஷாட், எந்த விளக்கு, எத்தனை மீட்டர் தள்ளி என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டாலே போதும், நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மகள் தன் நோட்டின் பக்கங்களை, துப்பாக்கி எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு, எந்தப் பள்ளி அணி கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறாள், உங்கள் அலுவலகம் வழியாகக் கேட்டால் அனுப்பிவைக்கிறோம். எப்படிக் கோடு போட்டு எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரியாக இருக்கும். இந்தச் சனிக்கிழமை புதிய பெட்டிக் குண்டு வருகிறது, பழைய பெட்டியோடு சேர்த்து அளக்கப்போகிறோம், இரண்டிலும் முப்பது முப்பது.

இப்படிக்கு,
குறிசுடும் மாணவி ஒருவரின் தந்தை,
ஈசூன்